பழைய காரில் பெட்ரோல் முள் எழவில்லையா? டேங்கைத் திறக்கும் முன் பார்க்க வேண்டியவை

பெட்ரோல் முள் படுத்துவிட்டது என்று ஷெட்டுக்குப் போனால் முதலில் வரும் பதில், "டேங்க் யூனிட் போயிடுச்சு, மாத்திடலாம்." டேங்குக்குள் பெட்ரோல் மட்டத்தை அளக்கும் கருவிதான் டேங்க் யூனிட். பல வண்டிகளில் அதை மாற்றத் தேவையே இல்லை. ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் என்று கடலோரத்திலேயே ஓடி, கடலோரத்திலேயே இரவில் நிற்கும் வண்டிகளில் முதலில் கெடுவது எர்த், அதாவது கரண்ட் பாடி வழியாக பேட்டரிக்குத் திரும்பும் இணைப்பு. உப்புக்காற்று இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும், செம்பில் பச்சைக் களிம்பு ஏற்றும். டேங்க் யூனிட் நல்ல நிலையில் இருக்க, அதைத் தாங்கும் போல்ட்டும், ஒயர் முனையின் உலோக வளையமான லக்கும்தான் அரித்துப் போயிருக்கும். புது யூனிட் போட்டாலும் முள் அதே இடத்தில்தான் நிற்கும். ஆயிரக்கணக்கில் செலவு, பெட்ரோல் டேங்கைத் திறந்த ஆபத்து, இரண்டும் வீண்.

அதனால் வரிசை முக்கியம். ஃப்யூஸ், எர்த், ஒயர், மீட்டர், எல்லாம் பார்த்து முடித்த பிறகே டேங்க். அம்பாசடர், பத்மினி, மாருதி 800, ஆம்னி, ஜீப், டாடா 407 என்று எந்தப் பழைய வண்டியானாலும் இந்த வரிசை மாறாது. டீசல் வண்டிக்கும் இதேதான்.

கரண்ட் போகும் வழி

சாவியைப் போட்டதும் பேட்டரியிலிருந்து ஃப்யூஸ் வழியாக டேஷ்போர்டு மீட்டருக்குக் கரண்ட் வருகிறது. மீட்டரிலிருந்து ஒரே ஒயர் பின்னால் டேங்க் யூனிட்டுக்குப் போகிறது. யூனிட்டில் ஒரு ஃப்ளோட், அதைத் தாங்கும் கம்பி, கம்பியின் மறுமுனையில் ஒரு ரெசிஸ்டன்ஸ் தடம் (கரண்டுக்குத் தடை தரும் பட்டை). பெட்ரோல் மட்டம் மாறும்போது ஃப்ளோட் ஏறி இறங்கும், தடத்தின் மேல் சிறு தகடு உரசி நகரும், ரெசிஸ்டன்ஸ் மாறும். அங்கிருந்து கரண்ட் யூனிட்டின் உடம்பு, டேங்க், வண்டியின் பாடி என்று போய் பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்புகிறது. திரும்பி வரத் தனி ஒயர் பல வண்டிகளில் இல்லை. இருந்தாலும் டேங்க் மூடியில் திருகிய ஒரு சின்னக் கறுப்பு ஒயர்தான். மழைத்தண்ணீரும் சேறும் உப்பும் படும் இடத்தில் அது உட்கார்ந்திருக்கிறது.

இந்த வழியில் ஓடும் கரண்ட் மிகக் குறைவு, முள் முழுதாக ஏறியிருக்கும்போதுகூட ஓர் ஆம்பியரில் பத்தில் ஒரு பங்கு, இரண்டு பங்கு அளவுதான். ஹெட்லைட் போன்ற பெரிய கரண்ட் லேசான களிம்பைத் தாண்டிப் போய்விடும். இந்தச் சின்னக் கரண்டுக்கு 10 ஓம் களிம்பே கால் டேங்க் பெட்ரோலை மறைக்கப் போதும்.

முதலில் மீட்டர் எந்த வகை

இதைத் தெரிந்துகொள்ளாமல் சோதித்தால் முடிவு தலைகீழாகிவிடும். சாவியை ஆன் செய்துவிட்டு முள்ளைக் கவனியுங்கள்.

முள் மெல்ல மெல்ல, அரை நிமிடம் வரை எடுத்துக்கொண்டு ஏறினால் அது பைமெட்டல் வகை. உள்ளே ஒரு சின்ன ஹீட்டர் கம்பி இரண்டு உலோகம் ஒட்டிய பட்டையைச் சூடாக்கி வளைக்கிறது, அதனால்தான் தாமதம். சாவியை எடுத்தால் அதே வேகத்தில் இறங்கும். மேடு பள்ளத்தில் ஆடாது. இந்த வகையில் டேங்க் நிறைந்திருந்தால் ரெசிஸ்டன்ஸ் குறைவு, காலியானால் அதிகம்.

சாவி போட்டதும் முள் சட்டென்று துள்ளி எழுந்து, வண்டி வளைவில் திரும்பும்போதெல்லாம் ஆடினால் அது காயிலும் காந்தமும் கொண்ட வகை. மிகப் பழைய இங்கிலாந்து வழி மீட்டர்களில் இந்த வகைக்குக் கணக்கு நேர்மாறு: காலி டேங்கில் ரெசிஸ்டன்ஸ் பூஜ்யத்துக்குப் பக்கம், நிறைந்தால் அதிகம். ஜப்பானிய வழி வண்டிகளில் காயில் வகை வந்தபோதும் நிறைந்தால் குறைவு என்ற கணக்கே தொடர்ந்தது.

இந்த வேறுபாடு ஏட்டுக் கணக்கு மட்டுமல்ல. எர்த் கெட்டால் வழியில் ரெசிஸ்டன்ஸ் கூடும். பைமெட்டல் வகையில் அது முள்ளைக் கீழே இழுக்கும், இருப்பதைவிடக் குறைவாகக் காட்டும். எரிச்சல்தான், ஆனால் ஆபத்தில்லை. பழைய காயில் வகையில் அதே கோளாறு முள்ளை மேலே தள்ளும், இல்லாத பெட்ரோலை இருப்பதாகக் காட்டும். எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் முன்னும் பின்னும் கன்டெய்னர் லாரி நிற்க, நடு ரோட்டில் வண்டி அணைவது இப்படித்தான். உங்கள் மீட்டர் இந்த வகை என்றால் எர்த்தை நாளைக்கென்று தள்ளிப் போடாதீர்கள்.

முள் சொல்லும் குறிப்பு

கருவி எடுக்கும் முன், வண்டியில் உட்கார்ந்தபடியே பாதி நோயைக் கண்டுபிடித்துவிடலாம். கீழே சொல்வதெல்லாம் பைமெட்டல் வகைக்கு.

பெட்ரோல் முள்ளும் டெம்பரேச்சர் முள்ளும் சேர்ந்து செத்திருந்தால் டேங்க் பக்கம் போகவே வேண்டாம். ஃப்யூஸ், அல்லது மீட்டர்களுக்குப் பின்னால் இருக்கும் வோல்டேஜ் ஸ்டெபிலைசர். இரண்டும் சேர்ந்து எப்போதும் அதிகமாகக் காட்டினாலும் ஸ்டெபிலைசர்தான். அதன் எர்த் விட்டுப்போனால் 10 வோல்ட்டுக்குப் பதிலாக பேட்டரியின் முழு வோல்ட்டேஜையும் கடத்திவிடும்.

ராத்திரி லைட் போட்டால் முள் இறங்குகிறது, பிரேக்கை மிதித்துப் பிடித்தால் இன்னும் கொஞ்சம் இறங்குகிறது என்றால் எர்த் என்று அடித்துச் சொல்லலாம். பின்லைட்டும் டேங்க் யூனிட்டும் ஒரே எர்த் புள்ளியைப் பகிர்ந்துகொள்ளும் வண்டிகளில் இது தெளிவாகத் தெரியும். முள் எப்போதும் நிறைந்தே காட்டினால் டேங்குக்குப் போகும் ஒயர் எங்கோ தோல் உரிந்து பாடியில் தொடுகிறது. எப்போதும் காலியே காட்டினால் ஒயர் அறுந்திருக்கலாம், எர்த் முழுதாக விட்டிருக்கலாம், ஃப்ளோட் ஓட்டையாகி மூழ்கியிருக்கலாம். இந்த ஒன்றுக்குத்தான் அதிகம் தேட வேண்டும். அரை டேங்க் வரை ஒழுங்காக வந்து, பிறகு சட்டென்று விழுந்து, கொஞ்ச தூரம் போனதும் மறுபடி எழுந்தால் தடம் அந்த இடத்தில் தேய்ந்துவிட்டது. நாம் பெரும்பாலும் கால் டேங்குக்கும் அரை டேங்குக்கும் நடுவில்தான் ஓட்டுகிறோம், தடமும் அங்கேதான் முதலில் தேயும்.

எடுத்து வைக்க வேண்டியவை

ஒரு சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர், 12 வோல்ட் பல்பில் கட்டிய டெஸ்ட் லாம்ப், இரண்டு முனையிலும் முதலைக் கிளிப் போட்ட மூன்று மீட்டர் ஒயர், 220 நம்பர் உப்புத்தாள், கம்பி பிரஷ், கான்டாக்ட் கிளீனர் ஸ்பிரே, வாசலின் அல்லது பேட்டரி டெர்மினல் கிரீஸ். இதோடு 2 வாட் ரெசிஸ்டர் ஆறு: 3.3, 22, 33, 68, 100, 220 ஓம். இந்த ரெசிஸ்டர்கள்தான் இந்த வேலையின் உயிர்நாடி. டேங்கைத் தொடாமலே, டேங்க் இந்த அளவில் இருக்கிறது என்று மீட்டரை நம்பவைத்துச் சோதிக்கலாம். எல்லாம் சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான ரிச்சி தெருவில் கிடைக்கும். விம்கோ நகர் பக்கமிருந்து மெட்ரோவில் வந்து கவர்ன்மென்ட் எஸ்டேட்டில் இறங்கினால் நடந்தே போய்விடலாம்.

24 வோல்ட் வண்டி என்றால் டெஸ்ட் லாம்பும் 24 வோல்ட் பல்பாக இருக்கட்டும்.

ஃப்யூஸும் ஸ்டெபிலைசரும்

சாவியைப் போட்டால் உயிர் பெறும் ஃப்யூஸ் ஒன்று வைப்பர், இண்டிகேட்டர், பிரேக் லைட் போன்ற ஒன்றிரண்டோடு மீட்டருக்கும் சேர்த்து இருக்கும். அவையும் வேலை செய்யவில்லை என்றால் விஷயம் அங்கேயே முடிந்தது. ஃப்யூஸ் அறாமலும் கரண்ட் போகாமல் இருக்கலாம், பழைய கண்ணாடி ஃப்யூஸின் மூடியிலும் அதைப் பிடிக்கும் பித்தளைக் கவ்வியிலும் களிம்பு ஏறியிருக்கும். கழற்றி, இரண்டையும் உப்புத்தாளால் தேய்த்து, கவ்வியைச் சற்று நெருக்கிப் போடுங்கள். அளவு கூடிய ஃப்யூஸோ, சிகரெட் பெட்டியின் ஈயத்தாளோ வைக்கக் கூடாது. இந்த ஒயர் பெட்ரோல் டேங்க் வரை போகிறது.

ஸ்டெபிலைசர் சின்னத் தகரப் பெட்டி. பழையதில் உள்ளேயும் ஒரு பைமெட்டல் பட்டைதான். கரண்டைப் போட்டும் நிறுத்தியும், சராசரியாக 10 வோல்ட் வரும்படி செய்கிறது. டிஜிட்டல் மல்டிமீட்டர் வைத்தால் எண் 0, 12 என்று தாவும், அதைப் பார்த்துக் கெட்டுவிட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். டெஸ்ட் லாம்பை அதன் வெளியேறும் முனையில் வையுங்கள். விட்டு விட்டு எரிந்தால் நல்லது, விடாமல் எரிந்தால் உள்ளே ஒட்டிக்கொண்டுவிட்டது அல்லது அதன் பெட்டிக்கு எர்த் இல்லை, எரியவே இல்லை என்றால் செத்தது. பெட்டியைத் தாங்கும் திருகைக் கழற்றித் தேய்த்து மாட்டிப் பார்த்த பிறகே கெட்டது என்று சொல்ல வேண்டும்.

மாற்ற வேண்டுமென்றால் பழையதைத் தேடி அலைய வேண்டாம். 7810 என்ற மூன்று கால் ஐசி போதும், நிலையான 10 வோல்ட், 1 ஆம்பியர் வரை தரும். எழுத்து நம்மைப் பார்த்திருக்க, இடமிருந்து வலம் உள்ளே வரும் 12 வோல்ட், எர்த், வெளியேறும் 10 வோல்ட். முதுகிலுள்ள தகடும் எர்த்தான், அதனால் அதை டேஷ்போர்டின் வெற்று உலோகத்தில் நேராகத் திருகலாம், சூடும் அங்கே போய்விடும். உள்ளே வரும் காலிலிருந்து எர்த்துக்கு 0.33 மைக்ரோஃபேரட், வெளியேறும் காலிலிருந்து எர்த்துக்கு 0.1 மைக்ரோஃபேரட் கப்பாசிட்டர் ஒவ்வொன்று. நெகட்டிவ் எர்த் வண்டிக்கு (பேட்டரியின் நெகட்டிவ் பாடியோடு இணைந்தது) மட்டுமே இது பொருந்தும்.

எர்த்

வடசென்னை வண்டிக்கு நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இது.

வேகமான சோதனை முதலில். பெட்ரோல் மூடி இறுக மூடியிருக்கட்டும். முதலைக் கிளிப் ஒயரின் ஒரு முனையை டேங்க் யூனிட்டின் உலோக மூடியில் சுரண்டிய இடத்தில் மாட்டுங்கள். பிறகு மறுமுனையை டேங்கிலிருந்து தள்ளி, பாடியில் பெயின்ட் இல்லாத ஒரு போல்ட்டிலோ நேராக பேட்டரி நெகட்டிவிலோ மாட்டுங்கள். இந்த வரிசை மாறக் கூடாது. கடைசி இணைப்பில்தான் பொறி வரும், அது டேங்க் அருகே வரக் கூடாது. சாவியைப் போட்டு ஒரு நிமிடம் பொறுங்கள். முள் தன் இடத்துக்கு வந்துவிட்டால் கோளாறு எர்த்தில் மட்டும்தான்.

அளந்து பார்க்க விரும்பினால் மல்டிமீட்டரை 2 வோல்ட் டிசியில் வைத்து, கறுப்பை பேட்டரி நெகட்டிவிலும் சிவப்பை டேங்க் யூனிட்டின் உடம்பிலும் வையுங்கள். சாவி ஆன், பின்லைட் ஆன். 0.05 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்ல எர்த். 0.2-ஐத் தாண்டினால் கெட்டது. பின்லைட்டை அணைத்ததும் எண் இறங்கினால் இரண்டும் ஒரே கெட்ட புள்ளியில் தொங்குகின்றன. ஓம் ரேஞ்சில் வைத்து எர்த்தைப் பார்ப்பது ஏமாற்றும். களிம்பேறிய லக்குகூட, மல்டிமீட்டர் அனுப்பும் துளிக் கரண்டுக்கு நன்றாகவே காட்டக்கூடும்.

சரிசெய்வது எளிது, ஆனால் அரைகுறையாகச் செய்தால் அடுத்த மழைக்குள் திரும்பி வரும். லக்கைக் கழற்றி, அது உட்காரும் பாடி இரும்பை ஒரு ரூபாய்க் காசு அளவுக்குப் பளபளவென்று தெரியும்வரை தேயுங்கள். ஒயரை வளைத்துப் பாருங்கள். மொறுமொறுவென்று விறைத்திருந்தால், உறைக்குள் செம்பு கறுத்திருந்தால், அந்த ஒயர் தேறாது. ஈரம் உறைக்குள்ளேயே ஊறிப் போய்விடும். 1.5 சதுர மில்லிமீட்டர் புது ஒயர், ஈயம் பூசிய செம்பு லக், லக்கை அழுத்திய பிறகு ஹீட் ஷ்ரிங்க் உறை. இந்த ஈயப்பற்று, உறை வேலையெல்லாம் வண்டியை விட்டுத் தள்ளி மேசையில் முடித்துவிட்டு வந்து மாட்டுங்கள், டேங்க் பக்கத்தில் சூடும் நெருப்பும் வேண்டாம். நட்சத்திர வாஷர் வைத்து இறுக்கி, மேலே வாசலின் தடவுங்கள். வாசலின் இறுக்கிய பிறகுதான்.

டேங்கின் போல்ட்டுகளையே எர்த்தாக நம்பும் வண்டியில், யூனிட்டின் ஒரு திருகிலிருந்து பாடிக்குத் தனி ஒயர் ஒன்று இழுத்துவிடுவது நல்லது. கம்பெனி கொடுக்காததை நாம் சேர்ப்பதில் தவறில்லை. கடலோரத்தில் இருபது வருஷம் நிற்குமென்று அவர்கள் கணக்குப் போட்டிருக்க மாட்டார்கள்.

ஒயரும் மீட்டரும்

டேங்க் யூனிட்டுக்குப் போகும் ஒயரை, டேங்கிலிருந்து தள்ளியிருக்கும் கப்ளரில் (ஒயர்களை இணைக்கும் சொருகியில்) கழற்றுங்கள். டிக்கியிலோ பின்சீட்டுக்கு அடியிலோ பெரும்பாலும் ஒன்று இருக்கும். பிரிட்டிஷ் மின்சாதன நிறுவனமான லூகாஸின் வண்ண முறையில் ஒயர் போட்ட வண்டிகளில் பச்சையில் கறுப்புக் கோடு போட்டது டேங்குக்குப் போவது, வெளிர்பச்சை ஸ்டெபிலைசரிலிருந்து வருவது. முன்பே யாராவது கை வைத்திருந்தால் வண்ணத்தை நம்ப முடியாது.

கழற்றிய நிலையில் சாவியைப் போட்டால் பைமெட்டல் முள் காலிக்கு விழ வேண்டும். விழாமல் மேலேயே நின்றால், கப்ளருக்கும் மீட்டருக்கும் நடுவில் ஒயர் பாடியில் தொடுகிறது. விழுந்தால், மீட்டர் பக்கத்து முனைக்கும் பாடிக்கும் நடுவே ரெசிஸ்டர்களை ஒவ்வொன்றாகப் பிடியுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு நிமிடம் கொடுங்கள். இங்கிலாந்து வழி பைமெட்டல் மீட்டரில் ஏறக்குறைய 220 ஓம் காலியருகே, 68 பாதி, 22 நிறைவருகே. ஜப்பானிய வழியில் ஏறக்குறைய 100 காலியருகே, 33 பாதி, 3.3 நிறைவு. உங்கள் வண்டியின் ஒர்க்‌ஷாப் மேனுவலில் சரியான எண் இருக்கும், கிடைத்தால் அதையே பிடியுங்கள். முள் மூன்று இடத்திலும் சரியாக நின்றால் ஃப்யூஸ், ஸ்டெபிலைசர், மீட்டர், அதுவரையுள்ள ஒயர் எல்லாம் நல்லவை என்று ஒரே சோதனையில் தெரிந்துவிடுகிறது.

ஷெட்டுகளில் ஒயரை நேராகப் பாடியில் தொட்டுப் பார்ப்பார்கள். முள் எழுகிறதா என்று மட்டும் அதில் தெரியும், சரியான இடத்தில் நிற்கிறதா என்று தெரியாது. பைமெட்டல் மீட்டரில் அதிக நேரம் பிடித்தால் ஹீட்டர் கம்பிக்கும் நல்லதல்ல. கையில் ரெசிஸ்டர் இல்லாமல் அப்படித்தான் பார்க்க வேண்டுமென்றால் முள் பாதியைத் தாண்டியதும் எடுத்துவிடுங்கள். பழைய காயில் வகையில் நேராகத் தொட்டால் முள் காலிக்குப் போகும், கழற்றினால் நிறைவுக்குப் போகும். அதைப் பார்த்து மீட்டர் கெட்டது என்று சொல்லிவிடக் கூடாது.

ரெசிஸ்டர் பிடித்தும் முள் அசையவில்லை என்றால் அதே சோதனையை மீட்டரின் பின்புற முனையிலேயே செய்யுங்கள். அங்கே எழுந்தால் நடுவில் ஒயர் அறுந்திருக்கிறது. ஆள் உட்காரும் பக்கத்துக் கதவுப் படிக்கட்டுக்கு அடியிலும் பின்சீட்டு மூலையிலும் பாருங்கள். எலி கடித்த இடம் அங்கேதான் கிடைக்கும். வெள்ளத்தில் நின்ற வண்டி என்றால், 2015 டிசம்பரோ 2023 டிசம்பரோ, தரைவிரிப்புக்கு அடியிலுள்ள கப்ளர் ஒவ்வொன்றையும் பிரித்துப் பார்க்காமல் விடாதீர்கள். வெளியே உலர்ந்திருக்கும், உள்ளே பச்சை பூத்திருக்கும்.

அங்கேயும் எழவில்லை, ஆனால் மீட்டருக்கு வரும் முனையில் டெஸ்ட் லாம்ப் எரிகிறது என்றால் மீட்டர் போய்விட்டது. அதற்கு முன் மீட்டரின் பின்னாலுள்ள சின்ன நட்டுகளை இறுக்கிப் பாருங்கள். ஒயருக்குப் பதில் பிளாஸ்டிக் தாளில் ஒட்டிய செம்புக் கோடுகள் இருக்கும் வண்டிகளில் நட்டு தளர்வதும் அதனடியில் செம்பு கறுப்பதும் அடிக்கடி நடக்கும். பென்சில் ரப்பரால் தேய்த்தால் போதும், உப்புத்தாள் அந்த மெல்லிய செம்பை அறுத்துவிடும்.

டேங்கைத் திறப்பது

இதுவரை எல்லாம் சரியாக இருந்தால்தான் இங்கே வர வேண்டும். இங்கே அவசரம் கூடாது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு ஊர்ந்து பள்ளத்தில் தேங்கும். அடுக்குமாடிக் கீழ்த்தளப் பார்க்கிங், சர்வீஸ் குழி, மோட்டார் பம்ப் ஸ்விட்ச் இருக்கும் மூலை, இவை எதுவும் ஆகாது. குறுகலான தெருவில் பக்கத்து வீட்டு அடுப்பும், வாசலில் ஏற்றிய விளக்கும், வேடிக்கை பார்ப்பவர் கையிலுள்ள பீடியும் அத்தனையும் கணக்கில் வரும். திறந்தவெளி, நிழல், காலை நேரம். ஒயர் இழுத்த குண்டு பல்பு வேண்டாம், பேட்டரி எல்இடி டார்ச் போதும். உலர் மணல் ஒரு வாளியும் முடிந்தால் பவுடர் வகைத் தீயணைப்பானும் கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

டேங்கில் கால்பங்குக்கும் குறைவாகப் பெட்ரோல் இருக்கும்போது செய்யுங்கள். இறக்க வேண்டியிருந்தால் உலோகக் கேனில் பிடியுங்கள். பிளாஸ்டிக் வாளியில் பிடித்தால் நிலைமின்சாரப் பொறி வரலாம். பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள், பெட்ரோல் மூடியை மெல்லத் திறந்து அழுத்தத்தை விடுங்கள். கார்புரேட்டருக்குப் பதில் இன்ஜெக்டர் உள்ள எம்பிஎஃப்ஐ வண்டிகளில் டேங்க் யூனிட்டும் பெட்ரோல் பம்பும் ஒரே கூட்டில் இருக்கும். பேட்டரியைக் கழற்றும் முன் பம்பின் ஃப்யூஸை எடுத்துவிட்டு இன்ஜினை அணையும்வரை ஓடவிட்டால் குழாயிலுள்ள அழுத்தம் இறங்கும்.

பின்சீட்டைத் தூக்கினாலோ டிக்கி விரிப்பை எடுத்தாலோ சில வண்டிகளில் யூனிட்டின் மூடி தெரியும், மற்றவற்றில் டேங்கையே இறக்க வேண்டும். மூடியைச் சுற்றியுள்ள துருவையும் மண்ணையும் முதலில் துடைத்து எடுங்கள், உள்ளே விழுந்தால் கார்புரேட்டர் வரை போகும். திருகு வகையில் கழற்றும் முன் மூடியின் நிலையை ஒரு கோடு போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். வளையம் வகையில், பித்தளைக் கம்பி அல்லது மரக்கட்டை வைத்து மரச்சுத்தியால் இடப்புறமாகத் தட்டுங்கள். இரும்பு உளி கூடாது. யூனிட்டை நேராக இழுக்காமல் சாய்த்து, ஃப்ளோட் கம்பி வளையாமல் வெளியே எடுங்கள். துளையை ஈரத்துணியால் மூடிவிட்டு, யூனிட்டை எடுத்துக்கொண்டு வண்டியை விட்டுத் தள்ளி வாருங்கள்.

மேசையில் வைத்துப் பார்ப்பது

மல்டிமீட்டரை 200 ஓமில் வைத்து, இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டு வரும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், அதைக் கழித்துக்கொள்ள வேண்டும். 200-ஐத் தாண்டும் யூனிட் என்றால் 2000 ரேஞ்ச். ஒரு முனை யூனிட்டின் ஒயர் முனையில், மற்றது உடம்பில். ஃப்ளோட்டை அடியிலிருந்து மேல்வரை மிக மெல்ல நகர்த்துங்கள். எண் படிப்படியாக மாற வேண்டும். எங்காவது சட்டென்று எண் மறைந்து திறந்த சுற்று காட்டினால் அங்கே தடம் தேய்ந்துவிட்டது. வெறும் அழுக்கென்றால் கான்டாக்ட் கிளீனரும் மென்துணியும் போதும். தலைமுடி போன்ற கம்பி சுற்றிய தடத்தை உப்புத்தாளால் தொட்டால் அதோடு போயிற்று. உரசும் தகடு தளர்ந்திருந்தால் நக நுனியால் லேசாக வளைத்து அழுத்தம் கூட்டலாம்.

பித்தளை ஃப்ளோட்டைக் காதருகே குலுக்குங்கள். உள்ளே சலசலத்தால் ஓட்டை. அதற்கு ஈயப்பற்று வைக்க நினைக்க வேண்டாம். உள்ளே ஆவி இருக்கும்போது சூடு காட்டினால் கையிலேயே வெடிக்கும். மாற்றிவிடுங்கள். மிகப் பழைய வண்டிகளில் அரக்கு பூசிய தக்கை ஃப்ளோட் இருக்கும், எத்தனால் அரக்கைக் கரைக்கும். இப்போது பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் எத்தனால் கலந்திருப்பதால் அது தாங்காது. பூச்சு போன தக்கை ஊறி, கனத்து, தாழ்ந்து மிதக்கும், முள் எப்போதும் குறைவாகவே காட்டும். பிளாஸ்டிக் ஃப்ளோட்டுக்கு மாறிவிடுவதே வழி.

புதுசு வாங்கப் போகும்போது பழைய யூனிட்டையும் மல்டிமீட்டரையும் கையோடு கொண்டுபோங்கள். ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டிலும் புதுப்பேட்டையிலும் உருவம் ஒன்றாகவும் ரெசிஸ்டன்ஸ் வேறாகவும் உள்ள யூனிட்டுகள் ஒரே ரேக்கில் இருக்கும். ஃப்ளோட்டை அடியிலும் மேலேயும் வைத்து இரண்டு எண்களையும் கடையிலேயே அளந்து, பழையதோடு ஒப்பிடுங்கள். கம்பியின் நீளமும் வளைவும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு விரற்கடை குட்டையாக இருந்தாலும் நிறைவும் காலியும் சரியாக வராது.

திரும்ப மாட்டுவது

மூடிக்கடியில் கசிவைத் தடுக்கும் பழைய கேஸ்கெட்டை மறுபடி போடாதீர்கள். எத்தனால் பெட்ரோலுக்கு ஏற்ற ரப்பர் என்று கேட்டு வாங்குங்கள். மாட்டும் முன், யூனிட்டை வெளியிலேயே வைத்து ஒயரையும் எர்த்தையும் தற்காலிகமாக இணைத்து, டேங்க் துளையை நன்றாக மூடி, வண்டியைவிட்டுத் தள்ளி நின்று ஃப்ளோட்டை மேலும் கீழும் வைத்து முள்ளைப் பார்ப்பது வழக்கம். ஆனால் அதைச் செய்ய பேட்டரியை மாட்ட வேண்டும். டேங்க் திறந்திருக்கும்போது அது வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. மேசையில் ஓம் சரியாக வந்து, ரெசிஸ்டர் சோதனையும் சரியாக வந்திருந்தால் இந்தச் சோதனையால் புதிதாகத் தெரிவது ஏதுமில்லை.

உள்ளே இறக்கும்போது குறித்த கோட்டைப் பார்த்து மாட்டுங்கள். திசை மாறினால் ஃப்ளோட் டேங்கின் உள்தடுப்பில் இடிக்கும். திருகுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ஒரே பக்கம் இறுக்கினால் கேஸ்கெட் பிதுங்கும்.

முள்ளின் அளவைப் பிறகு சரிபார்க்கலாம். காலியருகே வந்ததும் பங்கில் ஐந்து ஐந்து லிட்டராக நிரப்பி, ஒவ்வொரு முறையும் சாவியைப் போட்டு ஒரு நிமிடம் கழித்து முள் எங்கே நிற்கிறது என்று ஒரு தாளில் குறியுங்கள். டேங்கின் வடிவம் சதுரமில்லை என்பதால் பாதிக் கோடு பாதி லிட்டராக இருக்காது. அந்தத் தாளை டேஷ்போர்டில் ஒட்டிக்கொள்வது, ஃப்ளோட் கம்பியை வளைத்து வளைத்துச் சரிசெய்ய முயல்வதைவிட நல்லது. புது யூனிட் போட்டும் கீழ்ப்பாதியில் முள் அசையவில்லை என்றால் டேங்கின் அடியைக் குனிந்து பாருங்கள். ஜாக்கி வைத்து நசுங்கியிருக்கலாம், அல்லது காற்றுத் துளை அடைத்து டேங்க் உள்வாங்கியிருக்கலாம்.

முதல்முறை டேங்க் நிறைய நிரப்பியதும், மூடியைச் சுற்றி ஒரு வெள்ளைக் காகிதத்தால் துடைத்து நனைகிறதா பாருங்கள். மறுநாள் காலை வண்டியைத் தொடும் முன் ஒருமுறை, மேம்பாலச் சரிவு போன்ற ஏற்றத்தில் நிறுத்திய பிறகு ஒருமுறை. வாசனை லேசாக வந்தாலும் ஓட்டாமல் திருகுகளை மறுபடி பாருங்கள், அப்போதும் நிற்கவில்லை என்றால் கேஸ்கெட்டை மாற்றுங்கள்.